பூஜ்யம் என்று வந்த தண்ணீர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, லேபில் நின்று நின்று கால் வீங்குமே, அது குறைந்ததா என்று எழுது. என் மகன், உன் முட்டைக்கண்ணனுக்கு இந்த வாரத்தோடு ஏழு மாதம் முடிகிறது. இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்கிறேன். "நீ இப்படி எழுப்பிக்கிட்டே இருந்தா சளி தானா போயிடும், தூக்கமும் சேர்ந்து போயிடும்" என்கிறார் என் வீட்டுக்காரர். நீயும் சிரிப்பாய், தெரியும்.

எழுத வந்த சேதி வேறு. ஓடைத் தண்ணீர் எடுத்து உங்கள் லேபுக்கு அனுப்பும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. இதுவரை எடுத்துக்கொண்டிருந்த வாத்தியாருக்கு மாற்றல் வந்து, போன வாரம் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். ஜனவரியில் அவர் அனுப்பியதற்குத்தான் அறுநூற்று நாற்பது கிருமி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். குடிக்கிற தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று கீழே சிவப்பு மையில் கோடு வேறு. அன்றிலிருந்து பதினெட்டு வீட்டிலும் தண்ணீரைக் காய்ச்சுகிறார்கள். பாலத்துக்குக் கீழே மோட்டார் வைத்துத் தொட்டிக்கு ஏற்றுகிற ஓடைத் தண்ணீர்தான் எல்லார் வீட்டுக் குழாயிலும் வருவது. பாலத்துக்கு மேலே இருப்பதோ எங்கள் மாட்டுக் கொட்டகை.

அதனால் ஓடைக் குழுக்காரர்கள் வீட்டுக்கே வந்து மாமாவிடம் பேசினார்கள். மாடுகள் ஓடையில் இறங்கி நிற்கின்றன, சாணக்குழி கரையிலிருந்து இருபது அடிகூட இல்லை, இரண்டையும் சரி செய்யுங்கள் என்றார்கள். மாமா என் மாமனார் என்பதற்காகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் பேசினார். "முதல்ல கரையில கம்பி வேலி போடுறேன். மூணு மாசம் தண்ணி எடுத்துப் பாருங்க. அப்பவும் சரியில்லைன்னா குழியை மூடிட்டு மேட்டுல வேற தோண்டிடறேன்." குழுத் தலைவர் பழைய தபால்காரர் அதற்கு ஒத்துக்கொண்டார். இந்தப் பள்ளத்தில் காலேஜ் படித்தவள் நான் ஒருத்தி என்று பாட்டில் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

கடைசி வீட்டுத் தையலக்கா இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். "நல்லா இருக்கு. மாடும் உங்க வீடு, மார்க் போடறதும் உங்க வீடா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அவளே, "போகட்டும், இவளுக்கும் ஒரு பால்குடிப் புள்ள இருக்கு" என்று முடித்தாள். அவளுடைய ஜில்லு நம்மவனைவிட இருபது நாள் சின்னவள். தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால்தான். கை எப்போதும் சில்லென்றிருக்கும், அதனால் அந்தப் பெயர்.

எப்படி எடுக்க வேண்டும் என்று அச்சடித்த தாள் வாத்தியாரின் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. நீ எழுதி அனுப்பு. பதில் வந்த பிறகுதான் ஓடைப் பக்கம் போவேன்.

உன் அன்புத் தங்கை


பிப்ரவரி 20

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது, அது கிடக்கட்டும். முட்டைக்கண்ணனைத் தூங்க விடு. காது வைத்துக் கேட்டால் சளி பயந்து ஓடிவிடாது.

தண்ணீர் எடுப்பது பெரிய வித்தை இல்லை. கரையோரம் எடுக்காதே, நடு ஓட்டத்தில் எடு. பாட்டிலின் வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்க்கட்டும். கழுத்து வரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடு. ஐஸ் பெட்டியில் வைத்து முதல் பஸ்ஸில் ஏற்று, டிரைவருக்கு லேப் வாசல் தெரியும். ஆறு மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும். லேபிளில் தேதியும் உன் கையெழுத்தும். சுத்தமாக எடு, அவ்வளவுதான். உனக்கா அதைச் சொல்ல வேண்டும்? சின்ன வயசில் பம்பரத்தைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினவள் நீ.

அச்சடித்த தாள் தீர்ந்திருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன். மாப்பிள்ளையையும் உன் மாமியார் மாமனாரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறாய், இந்தத் தடவையாவது ஒழுங்காக எழுது.

உங்கள் தாள்கள் இரண்டும் வந்தன. மார்ச் தண்ணீரில் நான்கு. ஏப்ரலில் பூஜ்யம். அறுநூற்று நாற்பது எங்கே, பூஜ்யம் எங்கே. தபால்காரர் இரண்டாவது தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், நோட்டை வாங்கும் கடைக்காரர் மாதிரி. மாமா அன்று கொட்டகையில் விசிலடித்துக்கொண்டே பால் கறந்தார். வேலி போட்டது வீண் போகவில்லை. மாடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர், ஓடைக்கரையில் இரண்டு மாதத்தில் புல் முட்டி உயரம் வந்துவிட்டது. கலங்கலாக ஓடிய இடத்தில் அடியில் கூழாங்கல் தெரிகிறது.

நம்மவனுக்குக் கீழே இரண்டு பல். தையலக்கா வீட்டு ஜில்லுவுக்கு மேலே ஒரு பல் முதலில் வந்திருக்கிறது. அதைப் பற்றி அவள் அம்மாவிடம் ஆளுக்கொரு பலன் சொன்னார்களாம். "பல்லு முளைச்சா கடிக்கும், வேற என்ன பலன்?" என்றாள் அவள். குழந்தையை மடியில் படுக்க வைத்துக்கொண்டே மிஷின் மிதிக்கிறாள். அவள் புருஷன் லாரியில் போனால் வர இருபது நாள் ஆகிறது. தனியாள்.

இன்னும் ஒரு தடவை. மே மாதமும் இப்படியே வந்தால் வேறு குழி தோண்டும் பேச்சே இல்லை.

உன் தங்கை


ஏப்ரல் 30

அன்புத் தங்கைக்கு,

உடம்பு பரவாயில்லை. ஒழுங்காக எழுதச் சொன்னாயே, இவ்வளவுதான் ஒழுங்கு.

வேலி ஒன்றே இப்படி வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். எங்கள் மேலதிகாரி உங்கள் ஓடையைப் படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார். மற்ற ஊர்க்காரர்கள் வந்தால் அதைக் காட்டி, இவர்களைப் பாருங்கள் என்கிறார். யார் எடுத்த தண்ணீர் என்று கேட்டால் என் தங்கை என்கிறேன். எனக்கும் கொஞ்சம் பெருமை இருக்கக் கூடாதா?

இங்கே ஆள் பற்றாக்குறை. தினமும் நாற்பது பாட்டில் பார்க்கிறேன். மே தண்ணீரை ஞாபகமாக அனுப்பு. பிள்ளையை முத்தமிட்டதாக நினைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

மே மாதமும் பூஜ்யம். போன ஞாயிறு மோட்டார் ரூம் வாசலில் குழு கூடியது. தபால்காரர் தாளை இரண்டு தடவை படித்தார். மாமா வாக்குக் காப்பாற்றிவிட்டார், குழி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீர் எடுத்தால் போதும் என்று முடிவானது. எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு. ஐந்து மாதமாகக் குடம் குடமாகக் காய்ச்சிக் களைத்துப் போயிருந்தார்கள். அன்றே பாதி வீட்டில் காய்ச்சுவதை விட்டுவிட்டார்கள். தையலக்காவுக்குத்தான் ரொம்ப நிம்மதி. பாலுக்கு ஒரு தடவை, பாட்டில் கழுவ ஒரு தடவை என்று அடுப்படிக்கும் மிஷினுக்கும் ஓடி அவளுக்கு இடுப்பே போய்விட்டது. கிளம்பும்போது என்னைத் தனியாக நிறுத்தி, நிறுத்தலாமா என்று கேட்டாள். பயப்பட வேண்டாம் என்று சொன்னேன்.

நேற்று ஒரு தூறல். மண் வாசனை வீடு முழுக்க. நம்மவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். விழுவான் என்று நான் அலறியதில்தான் விழுந்தான்.

உன் தங்கை


ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

நலமா? பிள்ளை நின்றதைக் கேட்டுச் சந்தோஷம். நீ அலறாமல் இரு.

ஒரு சின்ன விஷயம். லேபுக்குப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், வாய் ஓயாமல் கேள்வி. சுவரில் உங்கள் ஓடைப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓடுற தண்ணியில எப்படி மேடம் பூஜ்யம் வரும்? பறவை எச்சம்கூட விழாதா?" என்றாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நீ எப்படி எடுக்கிறாய் என்று முதலிலிருந்து படிப்படியாக எழுது. பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுப்பதிலிருந்து. அவளுக்குக் காட்டத்தான், வேறொன்றும் இல்லை.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். மழை பிடித்துக்கொண்டது, ஆறு நாளாக வெயிலே இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் காட்டு, நன்றாகக் காட்டு. உன் தங்கை எவ்வளவு பொறுப்பு என்று தெரியட்டும். முதல் நாள் மாலையே பாட்டில்களை எடுத்து வைப்பேன். நீங்கள் அனுப்புகிற பாட்டிலின் அடியில் ஏதோ வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது, பார்த்திருக்கிறாயா? லேபிலிருந்து வருவதே இப்படியா என்று நினைத்துக்கொண்டேன். சுடுதண்ணீர் விட்டு அது போகும்வரை அலசுவேன். அப்புறம் நம்மவனின் பால் பாட்டிலை ஊறவைக்கிற மருந்துத் தண்ணீரிலேயே இதையும் ராத்திரி முழுக்க ஊறவைப்பேன். ஒரு மூடி மருந்து போதும் என்று போட்டிருக்கிறது, நான் இரண்டு மூடி விடுவேன். ஊறின பிறகு வேறு தண்ணீரில் கழுவினால் திரும்ப அழுக்காகிவிடும் என்று அட்டையிலேயே இருக்கிறது. அதனால் ஓடையில் இறங்கும்வரை மருந்தோடுதான் பாட்டில் இருக்கும். அங்கே கவிழ்த்து ஒரு உதறு உதறிவிட்டு உடனே நடு ஓட்டத்தில் பிடிப்பேன். இரண்டு விரல் இடம், ஐஸ் பெட்டி, முதல் பஸ். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அப்படியே முக்குவாராம். எப்படி இருக்கிறது பார்.

சாணக்குழி விளிம்பு வரை நிரம்பி நிற்கிறது. மாமா மண்மூட்டை அடுக்கியிருக்கிறார். ஜில்லுவுக்கு நேற்றிலிருந்து வயிறு சரியில்லை. பல் முளைக்கும்போது அப்படித்தான் என்கிறார்கள்.

கடிதத்தைத் தபால்காரர் மகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். மூன்று நாளில் வந்துவிடும். உடனே பதில் போடு.

உன் தங்கை


ஆகஸ்ட் 8

அக்கா,

நீ பதில் எழுதாததால் நானே திரும்ப எழுதுகிறேன்.

ஜில்லு போய்விட்டாள். ஜூலை இருபத்தாறு. பல் என்றார்கள், அப்புறம் மழைக்குளிர் என்றார்கள். நர்சம்மா வந்து உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். அதையும் தையலக்கா குழாய்த் தண்ணீரில்தான் கரைத்திருக்கிறாள். ஜில்லு ஒரு வாரம் தேறி வந்தாள், சிரிக்கவும் சிரித்தாளாம். பிறகு திரும்பவும். நான்கு வீட்டில் வயிற்றுப்போக்கு, பெரியவர்கள் தாங்கிக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பஸ் மேட்டில் ஏறும்போது, தையலக்காவின் மடியில். அவள் டிரைவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அப்படியே உட்கார்ந்து போயிருக்கிறாள். தண்ணீராக இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நம்ம தண்ணி சுத்தம், தாள் இருக்குதே என்று இவள் சொன்னாளாம்.

நான் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பால் டிப்போ போனிலிருந்து உன்னை இரண்டு தடவை கூப்பிட்டேன். வேலையாக இருக்கிறாய் என்றார்கள். நேற்று ஆகஸ்ட் பாட்டில்கள் வந்தன. பெட்டியில் கடிதம் இல்லை. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் காகிதம் ஒட்டி உன் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: திறக்க வேண்டாம், கழுவ வேண்டாம், பொடி உள்ளேயே இருக்கட்டும்.

அந்தப் பொடி எதற்கு, அக்கா?

தங்கை


ஆகஸ்ட் 19

என் தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை.

உன் ஜூலைக் கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

பாட்டிலில் குளோரின் ஒட்டியிருந்தால் அதை முறிக்கத்தான் அந்தப் பொடி. உன் பால் பாட்டில் மருந்தில் இருப்பது குளோரின்தான். நீ பொடியைக் கழுவிவிட்டு மருந்தை விட்டுவிட்டாய். ஓடையிலிருந்த கிருமி பாட்டிலுக்குள்ளேயே செத்து எங்களிடம் வந்தது. நாங்கள் எண்ணியது உன் பாட்டிலின் சுத்தத்தை. ஓடையை யாரும் எண்ணவே இல்லை.

உன் மேல் தப்பில்லை. சுத்தமாக எடு என்று எழுதியவள் நான். கழுவாதே என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. ஓடைத் தண்ணீரில் பூஜ்யம் வந்தால் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும், அது எங்கள் லேப் விதி. இரண்டு பூஜ்யத்துக்கும் நான் அப்படியே கையெழுத்துப் போட்டேன். லேபிளில் உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

நீ அனுப்பிய ஆகஸ்ட் தண்ணீர் வந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டு முழுக்க முளைத்திருக்கிறது, எண்ண முடியவில்லை. உடனே எல்லாரையும் காய்ச்சச் சொல். தொட்டிக்கு மருந்து போட ஆள் அனுப்புகிறோம்.

உன் பிள்ளை எப்படி இருக்கிறான்?

அக்கா


செப்டம்பர் 3

அக்கா,

அவன் நன்றாக இருக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் தாளைத் தபால்காரர் படித்தார். மழைக்குக் குழி வழிந்து தண்ணீர் கெட்டுப் போயிற்று என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். மே வரை சுத்தம், மழை வந்ததும் அழுக்கு. யாருக்கும் வேறு சந்தேகம் இல்லை. மாமா மறுநாளே மேட்டில் புதுக் குழிக்கு ஆள் விட்டார். பழைய குழியை வழித்தெடுக்கிறார்கள். கரையில் மூன்று வரிசை மரக்கன்று. கேட்காமலே எல்லாம் செய்கிறார்.

பாட்டில் விஷயத்தை வீட்டில் சொன்னேன். அத்தை உட்கார்ந்துவிட்டார். மாமா எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். அப்புறம், "குழி மாத்தக் கூடாதுன்னு மருமகளை வெச்சே பண்ணிட்டான்னுதான் பேசுவாங்க. தெரியாம பண்ணுனதுன்னு யாரு நம்புவா? குழிதான் மாத்தியாச்சே. பழசைக் கிளறாத" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும், "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டார். கேட்டுவிட்டு பதில் வருவதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டார்.

தையலக்கா தண்ணீர் பிடிக்க வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பிடித்து வைக்கிறாள். என்னைப் பார்த்தால் தலையசைக்கிறாள், எப்போதும் போல. பவுடர் பாலைச் சரியாகக் கரைக்கவில்லையோ, தன் கைதான் சுத்தமில்லையோ என்று அவள் சொல்லிச் சொல்லி அழுவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நான் என்ன செய்யட்டும்?

தங்கை


செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

அங்கே எல்லாரும் எப்படி?

மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பூஜ்யத்தைத் திரும்பச் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்று. சுவரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். என்னைத் தட்டுகளிடமிருந்து நகர்த்தி முன் மேஜையில் கடிதம் பிரிக்கப் போட்டிருக்கிறார்கள். கால் வலி இல்லை இப்போது.

சொல் என்றோ சொல்லாதே என்றோ எழுத எனக்குத் தகுதி இல்லை. என் பங்கை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன திங்கட்கிழமை தையலக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனேன். ஜன்னலோரம் தலையணை உறைகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே பாட்டில் விஷயத்தைச் சொன்னேன், பொடி, மருந்து, இரண்டு மூடி எல்லாம். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, பொடி என்ன நிறம் என்று கேட்டாள். வெள்ளை என்றேன். கட்டை முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தாள்.

"அப்ப என் கையால போகல" என்றாள். இல்லக்கா என்றேன். அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"நீ தெரியாமதானே பண்ணுன?"

"தெரியாமதான்."

"சரி" என்றாள். இங்கே கடிதத்தை முடித்துவிடலாம் என்று ஆசையாக இருக்கிறது அக்கா. அங்கேயும் அப்படித்தான் இருந்தது, இத்தோடு எழுந்து போய்விடலாம் என்று. நான் வாசலுக்குத் திரும்பினேன். அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"அன்னிக்கு மோட்டார் ரூம்கிட்ட நான் உன்கிட்ட ஒண்ணு கேட்டேனே. நீ என்ன சொன்ன?"

பயப்பட வேண்டாம்னு சொன்னேன் என்றேன்.

"அது பின்னாடி சொன்னது. முன்னாடி சொன்னதைச் சொல்லு. அப்படியே சொல்லு."

உனக்கு ஜூனில் எழுதியபோது இதை விட்டுவிட்டேன். அவள் அன்று கேட்டது, நிறுத்தலாமா என்று அல்ல. உன் புள்ளைக்கு நீ காய்ச்சறியா என்றுதான் கேட்டாள். அதற்கு நான் சொன்னதை, அந்த வீட்டில், தொட்டில் கயிறு இன்னும் அவிழ்க்காத உத்தரத்துக்குக் கீழே நின்று, திரும்பச் சொன்னேன்.

"நாங்களே அப்படியேதான் குடிக்கிறோம், அவனுக்கும் அப்படியேதான் குடுக்கிறேன்."

"குடுத்தியா?"

"இல்லக்கா. ஒரு நாளும் காய்ச்சாம குடுக்கல."

அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல காரணமாக ஒன்று சொல்லியிருப்பேன். அன்று மாமா நான்கு அடி தள்ளி நின்றார், காய்ச்சுகிறேன் என்றால் எங்கள் வீட்டிலேயே நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று. அப்படி உனக்கும் எழுதலாம். ஆனால் அன்று நான் மாமாவை நினைக்கவே இல்லை. தாளில் பூஜ்யம் வந்த பிறகும் காய்ச்சுகிறேன் என்று சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று எல்லாரும் சிரிப்பார்கள் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு தேடிப் பார்த்தேன், இல்லை.

அவள் "போ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த கட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் ஓடைக் குழு நோட்டில் இரண்டையும் என் கையால் எழுதினேன், பாட்டிலைக் கழுவியதையும், மோட்டார் ரூம் வாசலில் சொன்னதையும். தபால்காரர் சத்தமாகப் படித்தார். முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் மாமாவைப் பார்த்துக் கத்தினார்கள், ஒருவர் என்னைத் திட்டினார், மூன்று பேர் பாவம் தெரியாமல் செய்தது என்றார்கள். இரண்டாவதைப் படித்தபோது பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தண்ணீர் எடுக்கும் பெட்டியைத் தபால்காரரே வாங்கிக்கொண்டார். அது சரிதான்.

நான் ஜூலையில் எழுதிய கடிதம் மூன்று நாளில் உனக்குக் கிடைத்திருக்கும். அதற்கும் இருபத்தாறாம் தேதிக்கும் நடுவில் பன்னிரண்டு நாள். பால் டிப்போ நம்பர் அப்போதும் உன்னிடம் இருந்தது. உன்னை நான் எதுவும் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் இல்லை. உன்னுடைய அந்த நாட்களைப் பற்றித் தையலக்காவிடமும் சொல்லவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. அது என்னுடையது அல்ல.

சனிக்கிழமை பஸ் காலை ஒன்பதுக்குப் பாலத்தில் நிற்கும். அவள் வீடு கடைசி வீடு. வழி கேட்க வேண்டியிருக்காது, மிஷின் சத்தம் கேட்கும்.

உன் தங்கை